கம்பியில்லா டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் இருந்தவரை எங்களுக்கு டிரில் தேவைப்படவில்லை. பலகைச் சுவர்தான், ஒரு சுத்தியலும் ஒரு பிடி ஆணியும் இருந்தால் நாட்காட்டியிலிருந்து முருகன் படம் வரை எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். தோட்டத்தை விட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான், ஆணி சுவரில் ஏறாமல் வளைந்து தெறிப்பதைக் கண்டோம். அம்மாவுக்குச் சாமி மேடை மாட்ட வேண்டும். இணையத்தில் தேடி, பெட்டியில் ‘88’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு கம்பியில்லா டிரில்லை வாங்கினேன். எண் பெரிதாக இருந்தால் பலமும் பெரிதாக இருக்கும் என்று நம்பினேன்.

சுவரில் வைத்து அழுத்தினேன். ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனது. அதற்கு மேல் நகரவில்லை. டிரில்லில் மாட்டும் துளைக்கம்பியான பிட்டின் முனை நீலம் பாய்ந்து, கருகல் வாடை வந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மாமா, தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விரல் முட்டியால் சுவரை இரண்டு இடங்களில் தட்டினார். “தம்பி, நீ தூணில் துளை போடுகிறாய். அரை அடி தள்ளிப் பார்” என்றார். தம்முடைய டிரில்லையும் சுவருக்கான பிட்டையும் கொண்டுவந்து அவரே அந்த இடத்தில் வைத்தார். சிவப்புத் தூள் கொட்டியது. பத்து நொடியில் துளை முடிந்தது.

அதனால் இந்த விளக்கத்தைக் கடையில் தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்குகிறேன். முதன்முறையாக டிரில் வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: சுவரைப் படியுங்கள்

வீட்டில் எங்கெல்லாம் துளையிட வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரைச்சீலைக் கம்பி, தண்ணீர் வடிகட்டி, சுவர் மின்விசிறி, சாமி மேடை, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் கொக்கி, குழந்தைக்குத் தூளி. ஒவ்வொன்றும் எதன்மேல் வருகிறது என்று பாருங்கள்.

தாமான் வீட்டுச் சுவர்களில் பெரும்பாலானவை செங்கல் அல்லது சிமெண்டுக் கல்லால் கட்டி, மேலே சிமெண்டு பூசியவை. ஆனால் வீட்டின் மூலைகளில் நிற்கும் தூண்கள், அவற்றை இணைக்கும் உத்திரங்கள், சன்னலுக்கும் கதவுக்கும் நேர்மேலே ஓடும் விட்டம் ஆகியவை கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். மேலே ஒரே பூச்சு, ஒரே சாயம் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரலால் தட்டும்போது கான்கிரீட் அடைத்துப்போன ஒலி தரும். செங்கல் சுவர் சற்றே அதிரும். இதில் சந்தேகம் இருந்தால் துளையிலிருந்து கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் வருவது பூச்சின் சாம்பல் நிறம். பிறகு சிவப்பாக மாறினால் சுட்ட செங்கல். சாம்பல் நிறமாகவே இருந்து, பிட்டும் எளிதாக இறங்கினால் சிமெண்டுக் கல். சாம்பல் தூள் மாவாக வந்து பிட் நகர மறுத்தால் கான்கிரீட். வெள்ளை மாவு வந்து பிட் திடீரென உள்ளே விழுந்தால் அது ஜிப்சம் தடுப்பு.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் திரைச்சீலைக் கம்பிதான். சன்னலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் துளையிடுவோம். அங்கே ஓடுவது கான்கிரீட் விட்டம். ஆகவே, திரைச்சீலைதான் முக்கிய வேலை என்றால் உங்களுக்குச் சாதாரண டிரில் போதாது.

இன்னும் லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூரையிலோ மேல்தட்டியிலோ பழைய, சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு இருந்தால் அதில் துளையிடவே வேண்டாம். அந்தக் காலத்துத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கக்கூடும்; அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை வரவழைக்கக்கூடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்துவிடலாம் என்று துணிய வேண்டாம்.

இரண்டாம் படி: வகையை முடிவு செய்யுங்கள்

கடையில் ஒரே மாதிரித் தோன்றும் மூன்று கருவிகள் அடுக்கில் இருக்கும்.

ஒன்று, சாதாரண டிரில் டிரைவர். துளையிடும், திருகாணி முடுக்கும். மரம், இரும்புத் தகடு, பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு நல்லது. செங்கல் சுவருக்குத் திணறும்.

இரண்டாவது, ஹேமர் டிரில். கழுத்து வளையத்தில் ஒரு சிறிய சுத்தியல் படம் இருக்கும். அதைத் தேர்ந்தால், உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பிட்டை முன்னும் பின்னும் அதிரச் செய்யும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சிறு தட்டல்கள். செங்கல்லை இது நொறுக்கிக்கொண்டே போகும். சுத்தியல் படத்தை விட்டு விலக்கினால் இதுவே சாதாரண டிரில்லாகவும் வேலை செய்யும்.

மூன்றாவது, குட்டையான இம்பேக்ட் டிரைவர். நீண்ட திருகாணிகளை முடுக்குவதற்கென்றே செய்தது. இதன் தட்டல் சுற்றும் திசையில் விழுகிறது, சுவருக்குள் தள்ளுவதில்லை. பெயரைப் பார்த்துச் சுவருக்கு ஏற்றது என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஹேமர் டிரில் வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பலகை வீட்டில் இருப்பவருக்கு மட்டும் சாதாரண வகை போதும். கான்கிரீட் தூணில் ஹேமர் டிரில்லும் மெதுவாகத்தான் போகும், 6 மி.மீ. அளவில் ஓரிரு துளைகள் போட்டுவிடலாம். தூணில் வரிசையாகத் துளை வேண்டும் என்றால், காற்றழுத்தத்தால் அடிக்கும் ரோட்டரி ஹேமர் வைத்திருப்பவரை அழைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பெட்டியில் உள்ள எண்களைக் கணக்குப் போடுங்கள்

என்னை ஏமாற்றியது இந்த இடம், ஆகவே கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் முதல் கம்பியில்லா டிரில்லைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. இன்று பெரும்பாலும் லித்தியம்-அயன். பேட்டரிக் கூட்டைத் திறந்தால் உள்ளே விரல் பருமனில் உருளை செல்கள் இருக்கும். ஒரு செல்லின் இயல்பு மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுவதும் சார்ஜ் ஆன நேரத்தில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்டும், ஐந்துக்கு 21. ஆகவே 18 என்று எழுதினாலும், 20 மேக்ஸ் என்று எழுதினாலும், 21 என்று எழுதினாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். 12 வோல்ட் எனப்படுவதில் மூன்று செல்கள், இயல்பாக 10.8 வோல்ட்.

இப்போது 88-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 88 வோல்ட் வேண்டும் என்றால் ஏறத்தாழ 24 செல்கள் தேவை. வழக்கமான செல் 18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம், எடை ஏறத்தாழ 45 கிராம். பேட்டரி மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். என் கையில் இருந்ததோ உள்ளங்கையில் அடங்கியது. அதைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: 21 வோல்ட். 48, 88, 198 என்று ‘விஎஃப்’ எழுத்துகளுடன் வரும் எண்கள் வோல்ட்டைக் குறிப்பவை அல்ல. இணையத்தில் வாங்கும்போது பேட்டரியின் அடிப்பகுதிப் படத்தைக் கேளுங்கள். காட்டாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அடுத்த எண் ‘ஏஎச்’, அதாவது ஆம்பியர்-மணி. பேட்டரியில் எவ்வளவு நேரத்துக்குச் சக்தி இருக்கிறது என்பதை இது காட்டும். வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் மொத்தச் சக்தி கிடைக்கும். 18 வோல்ட், 2 ஏஎச் என்றால் 36 வாட்-மணி. என் கருத்தில், 4 ஏஎச் பேட்டரி ஒன்றைவிட 2 ஏஎச் பேட்டரி இரண்டு வீட்டுக்கு நல்லது. ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றொன்று வேலை செய்யும். கையிலும் கனம் குறைவு.

முறுக்கு விசை நியூட்டன்-மீட்டரில் எழுதியிருக்கும். வீட்டுக்கு 30 முதல் 60 வரை தாராளம். மோட்டாரில் கரித்துண்டு உள்ளது, கரித்துண்டு இல்லாத பிரஷ்லெஸ் என்று இரு வகை. இரண்டாவது நீடித்து உழைக்கும், விலை கூடும். பணம் அளவாக இருந்தால் பிரஷ்லெஸ்ஸுக்குக் கொடுப்பதை இரண்டாவது பேட்டரிக்குக் கொடுங்கள்.

நான்காம் படி: பேட்டரிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக மற்றொன்றில் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் கவனம் தேவை: பாஷ் நிறுவனத்தின் பச்சை நிறக் கருவிகள் வீட்டுக்கு, நீல நிறக் கருவிகள் தொழிலுக்கு, பச்சையின் 18 வோல்ட் பேட்டரி நீலத்தில் ஏறாது. மகிட்டாவிலும் 12, 18 இரண்டும் தனித்தனி. நம் பக்கத்து வீடுகளில் கொல்லைப்புறம் பெரிது. நாளைக்குப் புல் வெட்டியோ இலை ஊதியோ வாங்க நேரலாம். அதே பேட்டரியில் ஓடுகிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

விலை மிகவும் குறைவாகத் தெரிந்தால், பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடலாக இருக்கலாம். மூன்றையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிடுங்கள். சார்ஜரின் பிளக் நம் நாட்டு மூன்று முள் பிளக்தானா, அதில் மலேசியத் தர அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா, 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சார்ஜரை இங்கே செருகினால் கருகிவிடும்.

ஐந்தாம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

பட்டணத்து இரும்புச் சாமான் கடையில் இதற்கு இடம் கொடுப்பார்கள். கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டால் பேட்டரியைப் போட்டே தருவார். தலைக்கு மேலே உயர்த்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். 12 வோல்ட் கருவி ஒரு கிலோ அளவில் இருக்கும். 18 வோல்ட் ஒன்றரை, இரண்டு கிலோ வரும். கை நடுங்கினால் சுவரிலும் நடுங்கும்.

விசையை மெல்ல அழுத்துங்கள். பிட் மெதுவாகச் சுற்றத் தொடங்கி, அழுத்த அழுத்த வேகம் ஏற வேண்டும். விட்டவுடன் நிற்க வேண்டும். நேரான பிட் ஒன்றை, அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் பொருத்திச் சுற்றவிட்டு, முனையைப் பாருங்கள்; முனை வட்டமடித்தால் துளை பெரிதாகிவிடும், வேறு ஒன்றைக் கேளுங்கள். சக்கின் வாய் 10 மி.மீ. அல்லது 13 மி.மீ. இருக்கும், வீட்டு வேலைக்கு இரண்டும் சரி.

மேலே 1, 2 என்ற கியர் பொத்தான் இருக்கும். 1 மெதுவாக, பலமாகச் சுற்றும், திருகாணிக்கு அது. 2 வேகமாகச் சுற்றும், துளைக்கு அது. கழுத்தில் எண்கள் எழுதிய வளையம் கிளட்ச். தேவையான அளவு முடுக்கியதும் ‘டக் டக்’ என்று நழுவி நின்றுவிடும். அறைகலன் கடைகளில் விற்கும் மேசை நாற்காலிகள் பலவும் ரப்பர் மரத்தில் செய்தவை. நம் பெற்றோர் பால் வெட்டிய அதே மரம், பால் வற்றியதும் அறுத்துப் பலகையாக்கியது. அதில் கிளட்சைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினால் திருகாணித் தலை சிதையாது, மரமும் பிளக்காது.

ஆறாம் படி: பிட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்

சுவருக்கான பிட்டின் முனையில் அகலமான கார்பைடு துண்டு பதித்திருக்கும். மரத்துக்கானதில் நடுவே ஊசிமுனை இருக்கும். இரும்புக்கானதன் முனை ஊசியில்லாமல் கூம்பாக இருக்கும். மரப் பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே துளையில் மழுங்கிவிடும். தொடக்கத்துக்குச் சுவர் பிட் 6 மி.மீ. இரண்டு, மரத்துக்கு 3, 5, 6 மி.மீ. ஒவ்வொன்று போதும். குளியலறை ஓட்டுக்குத் தனிப் பிட் உண்டு. அங்கே சுத்தியல் இயக்கத்தை அணைத்து, மெதுவாகச் சுற்றவிட வேண்டும்.

தூளிக் கொக்கிக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தொங்குவது பிள்ளை. பழைய வீடுகளின் உத்திரம் பல இடங்களில் செங்கால் மரம். ஆணி வளையும் அளவுக்கு வைரம் பாய்ந்தது. கொக்கியின் மரை நீங்கலாக நடுத்தண்டு எவ்வளவு பருமனோ அந்த அளவு பிட்டால் முதலில் துளையிடுங்கள். மரம் கடினம் என்பதால் இங்கே துளைக்கும் கியர் 1. ஒரு விரல் அகலம் போனதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். இல்லாவிட்டால் தூள் அடைத்துப் புகை வரும். மரையில் கொஞ்சம் சோப்புத் தடவிக் கையால் முறுக்கி ஏற்றுங்கள். மேல்தட்டிப் பலகையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். பிள்ளையைப் போடும் முன் பெரியவர் ஒருவர் இரு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. தகரக் கூரையடியில் உள்ள சாமான் அறை, வெயிலில் நிறுத்திய கார், இரண்டிலும் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

எட்டாம் படி: முதல் துளை

அலமாரி மறைக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர்மேலோ நேர்கீழோ, குழாய்க்கு நேராகவோ வேண்டாம். சுவருக்குள் மின்கம்பியும் குழாயும் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் ஓடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறையான வால் பிளக்கின் நீளத்துக்குச் சற்று அதிகமாக அளந்து, பிட்டில் ஒரு துண்டு ஒட்டுநாடா சுற்றுங்கள், ஆழம் அதுதான். ஒரு தாளை மடித்துச் சுவரில் ஒட்டினால் தூள் அதில் விழும்.

சுத்தியல் இயக்கம் இல்லாமல் மெதுவாகத் தொடங்கிப் பூச்சைத் தாண்டுங்கள். பிட் நிலைகொண்ட பிறகு சுத்தியலைப் போட்டு, சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள். நாடா சுவரைத் தொட்டதும், சுற்றும்போதே வெளியே இழுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுங்கள். இதை விட்டுவிட்டால் பிளக் பாதியில் நிற்கும். 6 மி.மீ. பிளக்கைச் சுத்தியலால் தட்டிச் சுவரோடு சமமாக இறக்குங்கள். திருகாணியைக் கியர் 1-இல் முடுக்குங்கள். கையால் கீழே இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால், அடுத்த துளையைச் சாமி மேடைக்கு அளக்கலாம்.