வாசலில் நாய் அசிங்கம் செய்துவிட்டதா? முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

செல்லூர் பக்கம் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். விடியற்காலையில் கோலம் போட வெறுங்காலோடு வருகிறவர்கள்தான் நாய் மலத்தை முதலில் மிதிப்பார்கள். பலரும் உடனே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறார்கள். அது பக்கத்து வீட்டு வாசலில் போய்ப் பரவி நிற்கும்.

ஒரு கை மணலோ சாம்பலோ தூவி, ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரெட் வந்த கவருக்குள் கையை விட்டு அப்படியே அள்ளி, கவரை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், சாக்கடையில் வேண்டாம். அப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சிறுநீர் ஈரத்தின் மேல் நேரடியாக பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கண்ணும் தொண்டையும் எரியும் வாயு வரும்.

அன்றன்றே அள்ளிவிட வேண்டும். நாய் மலத்தில் இருக்கும் உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ ஈர மண்ணில் ஒரு வாரத்திலேயே வெறுங்காலைத் துளைக்கத் தயாராகிவிடும்.

நாயைக் கூட்டி வருபவரிடம் சண்டைக்குப் போகாமல், "அண்ணே, இந்தக் கவரை வச்சுக்கங்க" என்று கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் சந்தில் இரண்டு பேர் இப்போது அவர்களாகவே கவரோடு வருகிறார்கள்.