குளிர் வருமுன் ஸ்டெர்ன் டிரைவில் நீங்களே செய்ய வேண்டிய வேலைகள்

ஒன்டாரியோவில் படகு வைத்திருக்கும் பலர் ஸ்டெர்ன் டிரைவின் (படகின் பின்பலகைக்கு வெளியே இருந்து, உள்ளே இருக்கும் இன்ஜினின் சக்தியை ப்ரொபெல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி) கியர் ஆயிலை வசந்தத்தில்தான் மாற்றுகிறார்கள், படகைத் தண்ணீரில் இறக்கும் அவசரத்தில். தயவுசெய்து அக்டோபரிலேயே மாற்றுங்கள். டிரைவுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும், ஜனவரியில் உறைந்து விரியும், அலுமினிய உறை அப்படியே வெடித்துவிடும். மே மாதம் நீங்கள் திருகைக் கழற்றும்போது காலம் கடந்திருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவை வைத்து. சிம்கோ ஏரிப் பக்கம் ட்ரெய்லரில் நிற்கும் பழைய படகுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பிராவோ, வால்வோ பென்டா போன்ற வேறு டிரைவுகள் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான், ஆனால் திருகுகளின் இடமும் அளவுகளும் மாறும், உங்கள் மாடலின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை வைப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டிரைவைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்வதென்றால் கட்டாயம் முட்டுக் கொடுங்கள், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடவேண்டாம்.

முதல் வேலை கியர் ஆயில். படகு ஓரிரவு அசையாமல் நிற்கட்டும், டிரைவ் முழுக்கக் கீழே இறங்கியிருக்கட்டும். அடியில் தட்டு வைத்து, கீழ்த் திருகை முழுதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது என்ன என்று பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. தெளிந்த தண்ணீர் சொட்டி அப்புறம் ஆயில் வந்தால், அல்லது ஆயில் பால்கோப்பி நிறத்தில் வந்தால், எங்கோ ஒரு சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது. கருத்துப்போய் வந்தால் மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லிய உலோகத் தூள் பற்களின் வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுப்படும் துண்டு கிடைத்தால் படகை ஓட்டாதீர்கள், டிரைவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மேலே இருக்கும் காற்றுத் திருகையும் எடுத்துவிட்டால் ஆயில் வேகமாக இறங்கும். இன்ஜின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆயில் புட்டியையும் காலி செய்யுங்கள், பலர் இதை மறந்து பழைய ஆயிலைப் புதியதோடு கலந்துவிடுகிறார்கள். நிரப்புவது எப்போதும் கீழிருந்து மேலே. ஆயில் போத்தலில் திருகிக்கொள்ளும் கைப்பம்பு மலிவாகவே கிடைக்கும். அதன் குழாயைக் கீழ்த் துளையில் மாட்டி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை அடியுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், நிறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள், நிறைந்திருக்காது. வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகை. இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள், பழையதைத் திரும்பப் போடவே கூடாது. புட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். அதைவிட நிறையக் குறைவாகப் பிடித்தால் காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

ஆயிலில் தண்ணீர் இருந்ததா? அப்படியானால் முதல் சந்தேகம் ப்ரொபெல்லர் பக்கம். நட்டைக் கழற்றி ப்ரொபெல்லரை இழுத்துவிட்டு, ஷாஃப்ட்டைச் சுற்றி மீன்பிடி நைலான் சிக்கியிருக்கிறதா பாருங்கள். அது சுற்றிச் சுற்றி உள்ளே போய் சீலை அறுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீரே வரவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஷாஃப்ட்டின் பற்களில் மரைன் கிரீஸ் பூசி, வாஷர்கள் இருந்த அதே வரிசையில் மாட்டி, நட்டை 55 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள்.

அடுத்து பெல்லோஸ். டிரைவுக்கும் படகின் பின்பலகைக்கும் இடையில் இருக்கும் அந்த மடிப்பு ரப்பர்கள்தான் படகை மூழ்காமல் காப்பவை, கியர் போனால் பணம்தான் போகும், யூ-ஜாயிண்ட்டை (இன்ஜினின் சுழற்சியை டிரைவுக்குக் கடத்தும், வளையக்கூடிய மூட்டு) மூடியிருக்கும் பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் நேரே படகுக்குள் வரும். டிரைவை மேலே தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம் திருப்பி அதேபோல. வெடிப்பு மடிப்பின் ஆழத்தில்தான் தொடங்கும். படகு மரீனாவிலேயே நிற்பதென்றால் பல் தடமும் தேடுங்கள், இந்த ஊர் ஏரிகளில் மஸ்க்ராட் என்ற நீர்எலி ரப்பரைக் கடித்து வைக்கும். சந்தேகம் என்றால் மாற்றுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெல்லோஸின் உள்பக்கம் பார்க்க டிரைவைக் கழற்ற வேண்டும். ஆல்ஃபாவை ஃபார்வர்டு கியரில் போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும், பிராவோ என்றால் நியூட்ரல். டிரைவை ஏற்றி இறக்கும் ட்ரிம் சிலிண்டர்களை விடுவித்து ஆறு நட்டுகளை எடுத்தால் டிரைவ் பின்னால் வந்துவிடும், ஆனால் தனியாளாக முயலாதீர்கள், ஸ்டாண்டோ இன்னொரு ஆளோ கட்டாயம் வேண்டும். உள்ளே விரலை விட்டு கிம்பல் பேரிங்கை (டிரைவின் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்) சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலோ துரு நீர் ஒட்டினாலோ மாற்ற வேண்டும். படகைத் திருப்பும்போது மட்டும் உறுமல் கேட்டிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், அல்லது யூ-ஜாயிண்ட். திரும்ப மாட்டுவதற்கு முன் அலைன்மென்ட் கம்பியை (இன்ஜின் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும் கருவி) உள்ளே விட்டுப் பாருங்கள், இரண்டு விரலால் தள்ளினாலே போக வேண்டும். முட்டிக்கொண்டால் இன்ஜினின் முன் மவுன்ட்டைச் சரிசெய்யுங்கள், கம்பியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஷாஃப்ட் பற்களுக்குக் கிரீஸ், புது ஓ-ரிங், நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக 50 அடி-பவுண்டுக்கு.

இம்பெல்லர், அதாவது குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம், ஆல்ஃபாவில் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, இன்ஜின் ஓடும்போதெல்லாம் சுற்றும். அதனால் கரையில் ஒரு நொடிகூடத் தண்ணீர்க் குழாய் மாட்டாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதில் இதழ் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது குளிர்விக்கும் பாதையை அடைத்து அடுத்த கோடையில் இன்ஜினைச் சூடாக்கும்.

ஆனோடுகள், அதாவது டிரைவ் அரிக்காமல் இருக்கத் தாங்களே கரையும் உலோகத் துண்டுகள், பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். ஏரித் தண்ணீருக்கு மெக்னீசியம், கடலுக்கு அலுமினியம் அல்லது துத்தநாகம். மேலே பெயிண்ட் அடித்தால் வேலையே செய்யாது.

கடைசியில் டிரைவை முழுக்கக் கீழே இறக்கி வைத்தே குளிர்காலம் முழுதும் விடுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் வடியும், பெல்லோஸும் வளைந்தபடி இறுகாது. இன்ஜின் பிளாக்கிலிருந்து தண்ணீரை வடிப்பது தனி வேலை, டிரைவை இறக்கினால் அதுவும் வடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வசந்தத்தில் முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் புட்டியின் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் சிக்கியிருந்த காற்று போயிருக்கிறது, நிரப்பிவிடலாம். அடுத்த முறையும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.