ஸ்டெப்னி இல்லாத காரில் பஞ்சர்: முதலில் காற்று, கடைசியில் பாட்டில்

புதுக் கார் எடுத்திருக்கிறோம் என்று யாராவது இனிப்போடு வந்தால், வாழ்த்துச் சொன்ன கையோடு நான் கேட்பது ஒன்றுதான்: டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா? பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் நிற்கும் மின்சாரக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம், கிடையாது. மேட்டுக்கு அடியில் காற்றடிக்கும் ஒரு சின்ன கம்ப்ரஸரும், டயருக்குள் செலுத்தினால் ஓட்டையை அடைக்கும் வெள்ளைத் திரவம் உள்ள ஒரு பாட்டிலும் இருக்கும். பல வண்டிகளில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட இருப்பதில்லை. சில சிஎன்ஜி கார்களிலும் இதே கதைதான், ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தை சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது.

இது சட்டப்படி சரிதான். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஓட்டுநரையும் சேர்த்து 9 பேருக்கு மேல் போகாத, 3.5 டன்னுக்கு மிகாத கார்களில் டயர் ரிப்பேர் கிட்டும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை. எடை குறைகிறது, டிக்கியில் இடம் கிடைக்கிறது, பேட்டரிக்கும் இடம் வேண்டியிருக்கிறது. காரணங்கள் புரிகின்றன.

நான் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவள். அப்பா அம்மாவைப் பார்க்க ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊத்தங்கரைக்கு அடிக்கடி போவேன், பெரும்பாலும் தனியாக. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி கொடுத்த பாட்டிலைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் கம்ப்ரஸரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊருக்குள் நமக்கு வரும் பஞ்சர்கள் அநேகமாக ஆணியோ ஸ்க்ரூவோ குத்தி மெல்லக் காற்று இறங்குகிறவை. அதற்கு வேண்டியது காற்று. காற்றடித்துக்கொண்டே பஞ்சர் கடை வரை போய்விடலாம். பாட்டில் அதற்கும் வழி இல்லாதபோது மட்டும்.

வண்டி வந்த வாரமே செய்ய வேண்டியவை

கம்ப்ரஸரை வெளியே எடுத்து, நான்கு டயருக்கும் ஒரு முறை காற்று அடித்துப் பாருங்கள். ஒயர் பின்பக்க டயர் வரை எட்டுகிறதா, பிளக் எந்த சாக்கெட்டில் போகிறது, வண்டி ஆனில் இருந்தால்தான் அந்த சாக்கெட்டுக்குக் கரன்ட் வருகிறதா என்பதெல்லாம் இருட்டில், மழையில் கண்டுபிடிக்கிற விஷயங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு அப்புறம், பார்க்கிங்கில் வைத்துப் பழகிவிடுங்கள். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு அது. பெங்களூர் காலைக் குளிரில் 33 வைத்துக் கிளம்பினால், மதியம் கிருஷ்ணகிரி வெயிலில் 37, 38 என்று காட்டும். பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள், அது இயல்பு.

காரோடு வந்த கம்ப்ரஸர் ரொம்பச் சத்தம், ரொம்ப மெதுவு என்றால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஜே.சி. ரோடு கடைகளில் எல்லா ரகமும் கிடைக்கும். கூடவே டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்று: கைப்பிடி வைத்த இரண்டு ஊசி, பிசின் தடவிய ரப்பர் திரிகள், கொஞ்சம் சொல்யூஷன். அதோடு ஒரு கொறடு, கையுறை, நல்ல டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஷாம்பு பாக்கெட். ஷாம்பு எதற்கு என்பது பின்னால் வரும்.

பாட்டிலில் காலாவதி தேதி போட்டிருக்கும். மருந்து மாதிரி அதற்கும் ஆயுள் சில வருடங்கள்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தால்

காற்றழுத்த விளக்கில் இரண்டு ரகம். சில கார்கள் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ எண்ணைக் காட்டும். சில கார்கள் சக்கரம் சுழலும் வேகத்தை வைத்து ஊகித்து, ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று மட்டும் சொல்லும். எண் காட்டும் வண்டி உங்களுடையது என்றால் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. மூன்று டயரும் 33இல் நிற்க, ஒன்று மட்டும் இன்று 31, நாளை மறுநாள் 28 என்று இறங்கினால் அதில் ஆணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வால்விலோ ரிம் ஓரத்திலோ கசிவு இருந்தாலும் இப்படி ஆகும். வீட்டில் காற்றடித்துவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் கடையில் காட்டிவிடலாம். பெரிய பிரச்சினையாக மாறும் முன்பே முடிந்துவிடும் வேலை இது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எண் மளமளவென்று இறங்கினாலோ, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடதுபுறம் ஒதுங்குங்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலோ ஹெப்பாள் மேம்பாலத்திலோ மாட்டிக்கொண்டால், ஊர்ந்தாவது பாலத்தை விட்டு இறங்கிவிடுவது நல்லது. காற்றில்லாத டயரில் ஓட்டினால் டயர் பாழாகும், ரிம்மும் நெளியலாம். போகட்டும். வேகமாக வண்டிகள் வரும் இடத்தில் சாலைப் பக்கமாகக் குனிந்து உட்கார்ந்து டயர் பார்ப்பதைவிட அந்தச் செலவு எவ்வளவோ மேல். நெடுஞ்சாலை என்றால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வைத்து, கூட வந்தவர்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

பெங்களூருக்கென்றே ஒரு எச்சரிக்கை. வெளிவட்டச் சாலையில் ஆணி கொட்டுகிறார்கள் என்ற புகார் ரொம்ப நாளாக இருக்கிறது. அங்கே ஒரு மென்பொருள் பொறியாளர் காந்தத்தை வைத்துக்கொண்டு கிலோக் கணக்கில் ஆணி பொறுக்கியது சில வருடங்களுக்கு முன் செய்தியாகவே வந்தது. பைக்கில் பக்கத்தில் வந்து "டயர்ல காத்து இல்ல" என்று யாராவது கை காட்டினால் அந்த இடத்திலேயே இறங்காதீர்கள். கார் காட்டும் எண்ணைப் பாருங்கள், வண்டி இழுக்கிறதா என்று கவனியுங்கள், ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க் வரை போய் நிறுத்துங்கள். உதவி செய்ய வந்த நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இரவில் தனியாக இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நிறுத்தியதும் என்ன பார்ப்பது

டார்ச் அடித்து டயரைச் சுற்றிப் பாருங்கள். தரையில் படும் பகுதியில் ஆணி இருக்கிறதா, அல்லது பக்கவாட்டில் கிழிந்திருக்கிறதா? இனிச் செய்யப்போவதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் விட்டுவிடுங்கள். ஆணியே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது; பிடுங்கினால் மிச்சக் காற்றும் நிமிடத்தில் போய்விடும். வண்டியை ஆனில் வைத்து, கம்ப்ரஸரை மாட்டி, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். பல கம்ப்ரஸர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓடக் கூடாது, சூடேறிவிடும். நடுவில் ஓய்வு கொடுங்கள். குழாயின் பித்தளை முனையும் கொதிக்கும், கையுறையோடு கழற்றுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா நின்று எண்ணைப் பாருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மட்டும் இறங்கினால் மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம், வழியில் இன்னொரு முறை அடிக்க வேண்டியிருந்தாலும் சரி. ஊருக்குள் அநேகமாக இதோடு கதை முடிந்துவிடும்.

ஏற்றிய காற்று நிற்கவே இல்லை, கடையும் பக்கத்தில் இல்லை என்றால் திரி போடலாம். இதைப் பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பலம் தேவைதான், ஆனால் உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தினால் போதும். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பினாலே ஆணி இருக்கும் இடம் வெளியே தெரியும், ஜாக்கி வேண்டாம். பின்சக்கரம் என்றால் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, ஆணி கைக்கு எட்டும் இடத்துக்கு வரவைக்க வேண்டும். கொறடால் ஆணியை இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் குத்தியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் ஊசியை அதே சாய்வில் விட்டு மேலும் கீழுமாகச் சில தடவை இழுத்தால் ஓட்டை சீராகும். மற்ற ஊசியின் காதில் திரியைப் பாதிவரை கோத்து, சொல்யூஷன் தடவி, திரியின் இரு முனையும் விரல்கடை அளவு வெளியே நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியை முறுக்காமல் நேராக, வெடுக்கென்று இழுக்க வேண்டும். திரி உள்ளேயே நின்றுவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை டயரை ஒட்டி நறுக்கிவிடுங்கள். காற்றடித்துவிட்டு, தண்ணீரில் ஷாம்பு கலந்து அதன்மேல் ஊற்றுங்கள். குமிழ் வரவில்லையென்றால் கிளம்பலாம். கசிவு எங்கே என்று தெரியாதபோதும் இதே ஷாம்புத் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். வால்வு முனையிலும் மறக்காமல் ஊற்றிப் பாருங்கள்.

சரி, பாட்டில் எப்போது? திரி போட முடியாத இடம், கொட்டும் மழை, பாதுகாப்பில்லாத இருட்டு. அப்போது தயங்காமல் எடுங்கள். நன்றாகக் குலுக்கி, கிட்டில் போட்டிருக்கும் படத்தின்படி பாட்டிலைக் கம்ப்ரஸரோடும் வால்வோடும் இணைத்து ஓடவிடுங்கள். ஆணி டயரிலேயே இருக்கட்டும். திரவம் வால்வு வழியாகப் போகும்போது மீட்டர் முள் தாறுமாறாக ஏறும், அரை நிமிடத்தில் தானாக இறங்கிவிடும்; பதற வேண்டாம். பத்து நிமிடம் ஓடியும் 26 பிஎஸ்ஐகூட வரவில்லை என்றால் ஓட்டை பெரிது, அதோடு நிறுத்திவிடுங்கள். காற்று ஏறிவிட்டால் உடனே ஓட்ட வேண்டும், அப்போதுதான் திரவம் உள்ளே எல்லா இடத்திலும் பரவி அடைக்கும். சில கிலோமீட்டர் போய் மறுபடி பாருங்கள். 19க்குக் கீழே இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அதற்கு மேலே இருந்தால் சரியான அளவுக்கு ஏற்றிக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அடுத்த கடைக்குப் போங்கள். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், உங்கள் கையேட்டில் இருப்பதே கணக்கு.

பக்கவாட்டில் கிழிசல் என்றால் காற்று, திரி, பாட்டில் எதுவும் உதவாது. குழியில் விழுந்து பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்திருந்தாலும் அப்படியே. நேராகச் சாலையோர உதவிக்குப் போன் போடுங்கள். கார் கம்பெனி எண், இன்ஷூரன்ஸ் எண் இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, ஆபத்து என்று தோன்றினால் 112. மின்சாரக் காருக்குப் பிளாட்பெட் வண்டிதான் (காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போவது) வேண்டும் என்று போனிலேயே அழுத்திச் சொல்லுங்கள். சக்கரம் தரையில் உருள கட்டி இழுத்தால் மோட்டார் கெட்டுப்போகலாம்.

இதனால்தான் ஊத்தங்கரைக்குப் போகும்போது மட்டும் அதே அளவு சக்கரம் ஒன்றை டிக்கியில் போட்டு, உருளாதபடி பெல்ட்டால் கட்டிவிடுகிறேன், கூடவே ஜாக்கியும் ஸ்பேனரும். இரவில் கிருஷ்ணகிரி தாண்டி நிற்க நேர்ந்தால் எனக்கு அது பெரிய தெம்பு. அப்படி வாங்குகிறவர்கள் நட்டு வரிசையும் அளவும் பொருந்துகிறதா என்று கடையில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால், கையேட்டில் குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் ஜாக்கி கொடுக்கக் கூடாது.

பஞ்சர் கடையில்

கூடவே நில்லுங்கள். ஒரு ஆணிக்கு ஐந்து ஓட்டை என்று பில் போடும் கடைகளும் உண்டு. ஷாம்புத் தண்ணீரில் குமிழ் வராத இடத்தில் யாரும் ஊசி குத்த அனுமதிக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரர் மலையாளி, தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார். ஒவ்வொரு குமிழையும் நம்மைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கை வைப்பார். அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் ஊற்றிய டயர் என்றால் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, உள்ள லிக்விட் போட்டிருக்கு, சென்சார் இருக்கு, பார்த்துக் கழட்டுங்க." திரவத்தைத் துடைத்து, காற்றழுத்தத்தை அளக்கும் அந்தச் சென்சாரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அந்த டயரில் திரியோடு விட்டுவிடாமல் உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடுவதுதான் நல்லது. சாலையில் நீங்களே போட்ட திரிக்கும் அப்படித்தான், நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் முக்கியமாக. காற்றில்லாமல் ஓடியிருந்தால் டயரின் உள்பக்கம் ரப்பர் பொடி உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உதிர்ந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும். கிளம்பும் முன் நட்டு எல்லாம் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, காற்றழுத்த விளக்கை ரீசெட் செய்துவிட்டு, தீர்ந்துபோன பாட்டிலுக்குப் புதியதை அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.