குழந்தை உரிமைச் சட்ட ஆய்வுகளின் தாக்கத்தை அளப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

குழந்தை உரிமைச் சட்டத்தில் ஆய்வு செய்யப் போனால் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: "இந்தத் துறையில் எந்தக் கட்டுரைகள் முக்கியம், எதை வைத்துச் சொல்கிறாய்?" கூகுள் ஸ்காலரில் தேடி, மேலே வரும் பத்துத் தலைப்புகளை எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பத்தில் சில ஆய்வுக் கட்டுரைகளே அல்ல. சில, ஒரே கட்டுரையின் இரண்டு பதிவுகள். சட்டத்தையே மாற்றிய கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம்.

என் இலக்கிய மீளாய்வுக்காக இந்த வேலையை முடித்த கையோடு எழுதுகிறேன். ஸ்காலரில் தேடுவதும் எக்செல்லில் வரிசைப்படுத்துவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எல்லை போடுங்கள்

"குழந்தை உரிமைகள்" என்று மொத்தமாக எடுத்தால் கரை காண முடியாது. ஒரு பிரிவை எடுங்கள். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தையும் கேட்டு, அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. உடன்படிக்கை நிறைவேறியது 20 நவம்பர் 1989. அதனால் தேடலை 1989இல் தொடங்கலாம்.

தேடும்போது சில்ட்ரன்ஸ் ரைட்ஸ், சைல்ட் ரைட்ஸ், ரைட்ஸ் ஆஃப் தி சைல்ட் ஆகிய மூன்றையும் 'ஆர்' போட்டு இணையுங்கள். நம் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் பெயரிலேயே இருப்பது சைல்ட் ரைட்ஸ்தான். ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற இரண்டில் எழுதியவர்களில் பலர் விடுபட்டுப் போவார்கள்.

தரவிறக்கிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோள் எண்ணிக்கை, அதாவது ஒரு கட்டுரையை எத்தனை பேர் தங்கள் எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்ற எண், மாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத எண்ணுக்கு ஆய்வேட்டில் மதிப்பில்லை.

படி 2: கருவி

என் தேர்வு பப்ளிஷ் ஆர் பெரிஷ். ஆன்-வில் ஹார்சிங் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. ஸ்காலரில் தேடி, முடிவுகளை மேற்கோள் எண்ணிக்கையோடு அட்டவணையாகத் தரும். ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 1000 முடிவுகள்தான் வரும் என்பதால் ஆண்டுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுங்கள். அடுத்தடுத்து வேகமாகத் தேடினால் கூகுள் சற்று நேரம் வழியை மறித்துவிடும். பொறுமையாகச் செய்யுங்கள்.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் இரண்டும் சந்தா கட்ட வேண்டியவை. கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஓபன்அலெக்ஸ் போதும். மைக்ரோசாஃப்ட் அகாடமிக் மூடப்பட்ட பிறகு 2022 தொடக்கத்தில் வந்தது அது. இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ஸ்கோபஸ் எண்ணை மட்டும் நம்பிச் சட்டத்துறையை அளக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சட்டத்தில் நூல்களுக்கும் அறிக்கைகளுக்கும் பெரிய இடம் உண்டு. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய சிறு வெளியீட்டைப் பாருங்கள். குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டியது. 12ஆம் பிரிவைப் பற்றி எழுதுபவர்கள் அதைத் தொடாமல் போவது அரிது. ஆனால் அது ஆய்விதழ்க் கட்டுரை அல்ல. அதனால் ஸ்கோபஸின் வழக்கமான தேடலில் தலைகாட்டாது. 'செகண்டரி டாக்குமெண்ட்ஸ்' பகுதியில்தான் தேட வேண்டும். வெப் ஆஃப் சயன்ஸில் இதற்கு 'சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்' இருக்கிறது.

படி 3: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இந்தப் படிதான். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும். எண்ணுவது சில நிமிட வேலை. எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிப்பதுதான் பாடு.

முதலில் உடன்படிக்கையையே பட்டியலிலிருந்து எடுங்கள். ஐ.நா. பொதுச்சபையை ஆசிரியராகப் போட்டு, உடன்படிக்கையின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட பதிவுகள் பெரிய எண்ணிக்கையோடு மேலே நிற்கும். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு, அதன் பிரிவுகளை விளக்கி வெளியிடும் பொதுக் கருத்துரைகளும் அப்படித்தான். 12ஆம் பிரிவுக்கான 12ஆம் பொதுக் கருத்துரை 2009இல் வந்தது. இவை சட்ட மூலங்கள், ஆய்வுகள் அல்ல. அழித்துவிடாமல் தனித் தாளுக்கு மாற்றிவையுங்கள். படி 5இல் தீர்ப்புகளைப் பார்க்கும்போது தேவைப்படும்.

அடுத்தது இரட்டைப் பதிவுகள். லாரா லண்டி 2007இல் பிரிட்டிஷ் எஜுகேஷனல் ரிசர்ச் ஜர்னலில் எழுதிய கட்டுரையைப் பார்ப்போம். குழந்தையின் குரல் ஒலித்தால் மட்டும் போதாது. இடம், குரல், கேட்போர், செல்வாக்கு நான்கும் வேண்டும் என்று வாதிட்ட கட்டுரை. அதன் தலைப்பு 'வாய்ஸ்' என்ற சொல்லோடு, அதுவும் மேற்கோள் குறிக்குள், தொடங்குகிறது. ஒருவர் வளைந்த குறி போடுவார், ஒருவர் நேர்க் குறி போடுவார், இன்னொருவர் குறியே போடமாட்டார். துணைத்தலைப்பை விட்டுவிடுபவர்களும் உண்டு. அந்த இதழை அப்போது வெளியிட்டது டெய்லர் அண்ட் பிரான்சிஸ், இப்போது வைலி. அதனால் இணைப்புகளும் இரண்டு விதம். தலைப்பை வைத்து அகரவரிசைப்படுத்தினால் இந்தப் பதிவுகள் ஆளுக்கொரு மூலையில் போய் உட்காரும்.

அதனால் ஆசிரியரின் குடும்பப்பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். பப்ளிஷ் ஆர் பெரிஷில் ஒரு பதிவை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் இரண்டும் சேர்ந்து எண்ணிக்கையும் கூடிவிடும். எக்செல்லில் செய்வதாக இருந்தால் ஒரு புது நெடுவரிசையில் குடும்பப்பெயரையும் தலைப்பின் முதல் இரண்டு சொற்களையும் குறிகள் நீக்கி எழுதி, அதை வைத்து ஒப்பிடுங்கள். அதில் ஆண்டைச் சேர்க்க வேண்டாம். ஒரே கட்டுரைக்கு இணையத்தில் வந்த ஆண்டு ஒன்றும் அச்சில் வந்த ஆண்டு ஒன்றும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண் இருந்தால் சந்தேகத்தை அது தீர்த்துவைக்கும்.

ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளை நான் சேர்த்துவிடுவேன். நூலையும் அதன் ஓர் அத்தியாயத்தையும் சேர்க்கமாட்டேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் அந்த விதியை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

படி 4: எண்ணுங்கள்

ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ் எளிமையானது. எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றனவோ, அந்த எண்தான் எச். ஓர் ஆசிரியரின் ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 5, 3, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, மூன்றுக்குக் குறையவில்லை. நான்காவதுக்கு 3தான் இருக்கிறது, நான்கு இல்லை. ஆக எச் = 3. முதல் கட்டுரை 40 பெற்றாலும் 400 பெற்றாலும் இதே 3தான். ஒரே ஒரு கட்டுரையால் துறையைத் திருப்பியவருக்கு இந்த அளவுகோல் நியாயம் செய்யாது. தனிக் கட்டுரைகளை ஒப்பிட, மொத்த மேற்கோளை வெளிவந்ததிலிருந்து ஆன ஆண்டுகளால் வகுத்த ஆண்டுச் சராசரி மேல். குழந்தை உரிமைகள் பற்றிச் சட்ட அறிஞர் ஜான் ஈகலார் எழுதிய கட்டுரை 1986இல் வந்தது, லண்டியுடையது 2007இல். 21 ஆண்டு முன்னால் ஓடத் தொடங்கியதை மொத்த எண்ணிக்கையில் ஒப்பிட முடியாது.

படி 5: ஆய்விதழுக்கு வெளியே போங்கள்

குழந்தை உரிமை பற்றிய எழுத்து கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் நீதிமன்றமும் அரசாணையும்தான். அங்கே மேற்கோள் காட்டப்படுவது ஸ்காலரின் எண்ணிக்கையில் சரியாகத் தெரியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றது. 5க்கு 4 என்ற தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பு, உடன்படிக்கையின் 37ஆம் பிரிவைக் குறிப்பிடுகிறது, அமெரிக்கா அதை ஏற்புறுதி செய்யாதபோதும். அதே தீர்ப்பு லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் எலிசபெத் ஸ்காட்டும் 2003இல் எழுதிய கட்டுரையையும் மேற்கோள் காட்டுகிறது. வளரிளம் பருவத்தினர் ஏன் பெரியவர்கள் அளவுக்குக் குற்றப் பொறுப்பு ஏற்க முடியாது என்று விளக்கிய கட்டுரை அது. வெளிவந்தது அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட் என்ற உளவியல் இதழில். தேடலில் 'சட்டம்' என்று துறையைச் சுருக்கியிருந்தால், ஒரு தண்டனையையே ஒழிக்க உதவிய கட்டுரை உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. படி 2இல் சொன்ன தரவுத்தளங்களில் துறையைச் சுருக்கும் வடிகட்டி இருந்தால் அதைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

இந்தியத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூனும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஹுடோக்கும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஆசிரியரின் பெயரைக் கட்டுரைத் தலைப்பின் இரண்டு சொற்களோடு சேர்த்துத் தேடுங்கள். நம் தீர்ப்புகளில் அரசு அறிக்கைகளையும் கணக்கெடுப்புகளையும் கட்டாயம் பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட மனைவியுடன் உறவுகொள்வதும் வன்புணர்வே என்ற 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் இண்டிபெண்டன்ட் தாட் தீர்ப்பில் தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவு பேசப்படுகிறது. தனி மனிதர் பெயரில் இல்லாத ஆவணங்களுக்கும் தாக்கம் உண்டு.

அரசின் கொள்கை ஆவணங்களைக் கையாலும் தேடிப் பாருங்கள். அயர்லாந்து அரசு 2015 முதல் 2020 வரைக்கான குழந்தைகள் பங்கேற்புக் கொள்கையை லண்டியின் அந்த நான்கு அம்ச மாதிரியை வைத்தே வகுத்தது. எச்-இன்டெக்ஸ் போன்ற எண்கள் இதைத் தனியாக எடுத்துச் சொல்லாது.

படி 6: மேற்கோள் காட்டிய வரியைப் படியுங்கள்

சட்டக் கட்டுரைகளில் ஒரே அடிக்குறிப்பில் பத்துப் பெயர்களை அடுக்குவது வழக்கம். அந்தப் பத்தும் எண்ணிக்கையில் சமம், தாக்கத்தில் சமமல்ல. மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, பெயரளவுக்குச் சொன்னது, வாதத்துக்கு அடித்தளமாக வைத்தது, மறுத்தது என்று பிரியுங்கள். செமான்டிக் ஸ்காலர் என்ற தேடல் தளம், மேற்கோள் வரும் வாக்கியத்தையே பல கட்டுரைகளுக்கு எடுத்துக் காட்டுவதால் இந்த வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேற்கோள் தொடர்புகளைப் படமாக வரையும் வாஸ்வியூவர் மென்பொருளில் வண்ண வரைபடம் போடுவதை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: தேடல் முடிவுகளின் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தலைப்புகளில் விநோத எழுத்துகள் வருகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். 'சில்ட்ரன்ஸ்' என்பதில் வரும் வளைந்த குறிதான் காரணம். லிப்ரேஆபிஸ் திறக்கும்போதே கேட்டுவிடும்.

பின்சேர்க்கை 2: டிஓஐ இல்லாத இந்திய இதழ்களிலும் தமிழிலும் வந்த கட்டுரைகளை எப்படி அளப்பது என்று ஒரு வாசகர் கேட்டார். மேலே சொன்ன தரவுத்தளங்களில் அவை பெரும்பாலும் சிக்காது. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. உங்கள் தலைப்பில் உள்ள ஆய்வேடுகளைத் தரவிறக்கி, ஒவ்வொன்றின் துணைநூற்பட்டியலிலும் அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வேடு அத்தியாயவாரியாகப் பிரித்து ஏற்றப்பட்டிருந்தால் துணைநூற்பட்டியல் தனிக் கோப்பாகவே கிடைக்கும். ஸ்கேன் செய்த கோப்பாக இருந்தால் சொல் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.