கிராஸ் ஸ்டிச்: முடிச்சு இல்லாமல் தொடங்குவது எப்படி?

கிராஸ் ஸ்டிச் என்பது துணியின் கட்டங்களில் X வடிவத் தையல்களைப் போட்டுப் படம் வரைவது. முதல் துணியாக 14 கவுண்ட் ஐடா, அதாவது கட்டம் கட்டமாக நெய்து மூலைகளில் ஓட்டை உள்ள துணி, வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பதுதான் கவுண்ட். 70 × 98 தையல் உள்ள படம் இதில் 5 × 7 அங்குலம் வரும். சுற்றிலும் 3 அங்குலம் விட்டு 11 × 13 ஆக வெட்டவேண்டும். வெட்டிய ஓரம் பிரியும், கைத்தையல் ஓட்டிவிடுங்கள். துணியை நாலாக மடித்து நடுவைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

ஊசி 24ஆம் எண் டேப்பஸ்ட்ரி, அதாவது முனை மழுங்கியது. கூர் ஊசி ஓட்டையை விட்டுத் துணியின் இழையைக் குத்திப் பிளந்துவிடும். துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் உங்கள் விருப்பம். ஐடாவே விறைப்பானது, கையில் பிடித்தே தைக்கலாம் என்பது என் கட்சி. மாட்டினால், தைக்காத நேரத்தில் கழற்றி வையுங்கள். தடம் பதிந்தால் எளிதில் போகாது.

கடையில் வாங்கும் எம்பிராய்டரி நூலில் 6 இழைகள் இருக்கும். 14 கவுண்டுக்கு 2 போதும். ஒவ்வொன்றாக உருவுங்கள், சேர்த்து இழுத்தால் சிக்குதான்.

இனி தொடக்கம். முடிச்சு போட்டால் முன்பக்கம் புடைத்துத் தெரியும். அதற்குப் பதில் 90 செ.மீ. நீள ஒற்றை இழையை இரண்டாக மடித்து, வெட்டிய இரு முனைகளையும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் இடது கீழ் ஓட்டையில் பின்னாலிருந்து ஏறுங்கள். மடிப்பு பின்பக்கம் 2 செ.மீ. தொங்கட்டும், முழுக்க இழுத்தால் முன்னால் வந்துவிடும். வலது மேல் ஓட்டையில் இறங்கி, துணியைத் திருப்பி, அந்த மடிப்புக்குள் ஊசியை விட்டு மெதுவாக இழுங்கள். பூட்டிக்கொள்ளும்.

இது இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை இழைகளுக்கு மட்டுமே. நிறம் மாறிமாறி வரும் நூலிலும் வேண்டாம்: மடித்ததும் இரு பாதிகளின் நிறம் ஒன்றோடொன்று பொருந்தாது. அங்கே பின்னால் 3 செ.மீ. வால் விட்டு, அடுத்த நாலைந்து தையலுக்கு அடியில் அதை மாட்டிக்கொண்டே போங்கள்.

வரிசை முழுக்க அரைத்தையல், அதாவது X-இன் ஒரு கால் மட்டும், போட்டுவிட்டு, திரும்பி வரும்போது குறுக்கே மூடுங்கள். மேலே விழும் கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாயவேண்டும். இல்லாவிட்டால் அங்கே மட்டும் பளபளப்பு வேறாகத் தெரியும். தைப்பதற்கு வசதியாகத் துணியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. மூலையில் ‘மேல்’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.

நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே பிரியும். முடிக்கும்போதும் முடிச்சு வேண்டாம், பின்பக்கம் நான்கு தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள். அடர்நிற நூலை வெற்றிடத்தின் பின்னால் இழுத்துச் செல்லாதீர்கள், வெள்ளைத் துணியில் நிழலாகத் தெரியும். ஓரக்கோடு போடும் பேக் ஸ்டிச், குறுக்குகள் எல்லாம் முடிந்த பிறகு, ஒற்றை இழையில்.