தெருவுக்காக மனு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஊர் பஜார் தெருவைச் சீரமைப்பது பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். கல்லூரி முடித்த ஐந்தாறு பேர் மனுவோடு வந்திருந்தார்கள். தினமும் சைக்கிளில் போகிறவர்கள், ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள். மனுவை வாங்கிப் படித்தேன். மூன்றாவது கோரிக்கையில் கண் நின்றுவிட்டது: "எதிர்த்திசையில் வரும் சைக்கிள்கள் மீது காவல்துறை கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்." பதினான்கு வருடத்துக்கு முன்பு நாங்கள் எழுதிய அதே வரி. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

மனுவுக்கு நகல் வைத்துக்கொள்ளாதது, தேதி போடாதது, ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்புவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாலை யாருடையது என்று பார்க்காமல் போவது

ஊருக்குள் இருக்கிற எல்லாச் சாலையும் நகராட்சியுடையது அல்ல. பஜார் தெரு நகராட்சியிடம் இருக்கும். அது போய்ச் சேருகிற பேருந்து நிலையச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். அதற்கப்புறம் வரும் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருக்கும். மூன்று பேருக்கும் ஒரே மனுவை நகல் எடுத்து அனுப்பினால், மூன்று பேரும் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்தபிறகு மனுவை எழுதுங்கள்.

சாலையைப் படிக்காமல் போலீஸைக் கூப்பிடுவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

எங்கள் ஊர் பேருந்து நிலையச் சாலையை அகலப்படுத்தி, நடுவில் சிமென்ட் தடுப்பு வைத்தார்கள். ஒரு பக்கம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, எதிர்ப் பக்கம் குடியிருப்பு. தடுப்பில் பள்ளிச் சந்துக்கு நேரே ஒரு சிறிய இடைவெளி விட்டிருந்தார்கள். அதைத் தவிர, வண்டி திரும்புகிற வழி பேருந்து நிலையத்திலும் எண்ணெய் மில் முனையிலும்தான். இரண்டுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர்.

சைக்கிளில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? மில் முனை வரை போய்த் திரும்பி வர மாட்டார்கள். சாலை ஓரமாக எதிர்த்திசையில் வந்து அந்த இடைவெளியில் நுழைவார்கள். ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடப்பக்கம் திரும்புகிற ஓட்டுநர் வலப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வண்டியை எடுப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிள் அவருடைய இடப்பக்கமிருந்து வரும். கடைசி நொடிவரை கண்ணில் படாது. அப்படித்தான் ஒருநாள் ஒரு பைக்கும் சைக்கிளும் மோதி, நடந்து போன பெரியவர் ஒருவர் கீழே விழுந்தார்.

நாங்கள் கொதித்துப்போய் மனு எழுதினோம். எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்கள் மேல் நடவடிக்கை வேண்டும், அந்த இடைவெளியைக் கண்காணிக்க வேண்டும் என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து இரண்டாவது.

மற்ற மனுக்களுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். இதற்கு நான்கே நாளில் ஆள் வந்துவிட்டது. காலை எட்டரைக்கு இரண்டு காவலர்கள் நின்றார்கள். யார் மாட்டினார்கள் என்று நான் எதிரே டீக்கடையில் நின்று பார்த்தேன். பூக்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா. இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் தொங்கவிட்டு வந்த ஒருவர். அப்புறம், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வந்த பதினோராம் வகுப்புப் பெண்கள். வரிசையாக நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு பெண் காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. டயர் தரையில் சப்பென்று ஒட்டி, ரிம் உருளுகிற சத்தம் கேட்டது. பள்ளி மணி அடித்துவிட்டது. அதே நேரத்தில் அதே இடத்தில் வேகமாகப் போன கார்களும் வேன்களும் எதுவும் நிற்கவில்லை, நிறுத்தப்படவும் இல்லை. நில் என்று கை காட்டினால் நிற்பது சைக்கிள்தான். போலீஸ் நடவடிக்கை என்று பொதுவாகக் கேட்டால், அது வந்து விழுவது சைக்கிள்மேல்தான்.

அடுத்த வாரம் இடைவெளியையே இரும்புத் தடுப்பு போட்டு மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் மோசம். பெண்கள் சைக்கிளைத் தடுப்புக்கு மேலே தூக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடிப்பாள், இன்னொருத்தி கேரியரைப் பிடிப்பாள், மூன்றாவது பெண் மூன்று பேருடைய புத்தகப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு லாரி வருகிறதா என்று பார்த்து நிற்பாள். இரண்டே மாதத்தில் ஒரு பெண் தடுப்பில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

இடைவெளியைத் திரும்பத் திறக்கச் சொல்லி அலைந்தபோது கோப்பைக் காட்டினார்கள். அதில் ஒரு வரி: "பொதுமக்கள் கோரிக்கையின் பேரில் மூடப்பட்டது." கீழே இணைப்பாக எங்கள் மனு, என் கையெழுத்தோடு. எந்த அதிகாரியிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து வைத்தார்கள். திறப்பதற்கு மூன்று வருடம் ஆனது. நான்கு நாளில் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மூன்று வருடம்!

முதலிலேயே என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு வாரம் காலையும் மாலையும் அங்கே நின்றிருக்க வேண்டும். எந்தச் சந்திலிருந்து எந்தச் சந்துக்கு எத்தனை சைக்கிள் போகிறது என்று நோட்டில் கோடு போட்டிருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து அதைத்தான் செய்தோம். கோடுகள் பக்கம் பக்கமாக நிறைந்தன. அந்த நோட்டைப் பார்த்த பொறியாளர்தான் முதல்முறையாக, "அப்படியென்றால் இது தப்பு வழி இல்லை சார், இவர்களுக்கு இருக்கிற ஒரே வழி" என்றார்.

கேட்க வேண்டியதும் அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பிடிபட்டது. தடுப்பில் திறப்பு வேண்டும். திறப்பில் பெரிய வண்டி நுழையாமல் தடுக்கும் குட்டையான நடுகற்கள் வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 1.2 மீட்டர் விட வேண்டும். சைக்கிளும் சக்கர நாற்காலியும் அதில் தாராளமாகப் போகும். ஆட்டோவின் அகலம் ஏறக்குறைய 1.3 மீட்டர், அதனால் ஆட்டோ நுழையாது. பைக் நுழையும், அதைக் கல்லால் தடுக்க முடியாது. அதற்காகக் கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்க வேண்டும், இரண்டு பக்கமும் வண்டி தானாக வேகம் குறைத்து ஏறி இறங்கும். இவ்வளவும் கேட்டு வாங்கியபிறகு, பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு காவலர் வேண்டும் என்று கேளுங்கள். அப்போது அவர் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவி செய்ய நிற்பார்.

ஒருவர் விதியை மீறினால் அவரைத் திட்டலாம். ஒரே இடத்தில் நூறு பேர் தினமும் மீறினால் அந்த இடத்தைப் பாருங்கள்.

சட்டத்தைக் கேள்விப்பட்டதை வைத்துப் பேசுவது

சைக்கிளுக்கும் லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட் கட்டாயம் என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்வார். டபுள்ஸ் போனாலும், இரவில் டைனமோ லைட் எரியாவிட்டாலும் போலீஸ் பிடித்த காலத்தை நினைவில் வைத்துப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எதுவும் அந்தச் சட்டப்படி அதற்குக் கிடையாது. பேட்டரி சைக்கிளுக்கும் இதே சலுகை உண்டு: மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால்.

அதேசமயம் 2019 திருத்தத்தில் 138 (1ஏ) என்று ஓர் உட்பிரிவு வந்தது. மோட்டார் இல்லாத வண்டிகளும் நடந்து போகிறவர்களும் பொது இடங்களில் எப்படிப் போகலாம் என்று மாநில அரசே விதி வகுக்கலாம் என்கிறது அது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. இந்தச் சட்டத்தின் கீழ் விதி போடுவதற்கு முன் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிள்காரர்கள் எழுதாவிட்டால் விதி வேறு மாதிரி வந்து நிற்கும். 2013-இல் கொல்கத்தாவில் போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 174 சாலைகளில் காவல்துறை சைக்கிளைத் தடை செய்தது. அடி விழுந்தது பால்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வயிற்றில்.

டெண்டர் முடிந்தபிறகு போவது

போகாதீர்கள். வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே போங்கள்.

நடைபாதைக் கடைக்காரர்களை எதிரியாக்குவது

நடக்க இடமில்லை என்றவுடன் முதலில் தள்ளுவண்டிதான் கண்ணில் படும். கடைகளை அகற்ற வேண்டும் என்று மனு போகும், அகற்றிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். இளநீர் வண்டி நின்ற இடத்தில் பைக்குகள் சாய்த்து நிற்கும். இளநீர்க்காரரிடம் கொஞ்சம் தள்ளிக்கோங்க அண்ணே என்று சொல்லலாம். பைக்கிடம் என்ன சொல்வது?

2014-ஆம் வருடத் தெரு வியாபாரிகள் சட்டத்தை ஒருமுறையாவது படியுங்கள். இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா என்று கேளுங்கள். பஜார் தெரு வரைபடத்தில் வண்டிக் கடைகளுக்குக் கட்டம் போட்டு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். நடைபாதையில் நடக்க மட்டும் 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் (IRC) கணக்கு. அது போக மிச்சமிருப்பதில் கடை இருக்கட்டும். காலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் பெண்கள் தைரியமாக நடந்து போவது பூக்கடை விளக்கு எரிவதால்தான்.

சாயங்காலம் மட்டும் தெருவைப் பார்ப்பது

விடியற்காலை ஐந்துக்கும் பள்ளி விடும் நான்கு மணிக்கும் போங்கள். இரண்டும் வேறு வேறு தெரு.

பாண்டி பஜார் படத்தைக் காட்டி அதுவே வேண்டும் என்பது

சென்னை தியாகராய நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்த வேலை. அகலமான நடைபாதை, உட்காருகிற பெஞ்சுகள், குறுகிய வண்டிப் பாதை. நன்றாகத்தான் இருக்கிறது, நானே போய் நடந்தேன். ஆனால் அந்தப் படத்தை மட்டும் காட்டினால் நகராட்சிக்காரர்கள் கல் பதிப்பதோடு நிறுத்திவிடுவார்கள். படத்தில் தெரியாதது இரண்டு. ஒன்று, அது திடீரென்று கட்டியது அல்ல. வண்டிகளைத் திருப்பிவிட்டு, தற்காலிகத் தடுப்பு வைத்து வெள்ளோட்டம் பார்த்தபிறகு வந்தது. இரண்டு, 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் 60 சதவீதத்தை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் என்று எழுதி வைத்தது. எழுதியபடி எல்லாம் நடந்ததா என்பது வேறு கேள்வி, ஆனால் கேட்பவர் கையில் பிடித்துக் கேட்க ஒரு தாள் இருக்கிறது. உங்கள் நகராட்சியில் அப்படி ஒரு தீர்மானம் உண்டா? முதலில் அதைக் கேளுங்கள். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டிச் செய்து பார்க்கலாம் என்று கேளுங்கள்.

வியாபாரிகள் சங்கத்தைக் கடைசியில் பார்ப்பது

முதலில் பாருங்கள். சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பராமரிப்பைக் கேட்காமல் விடுவது

நாங்கள் மூன்று வருடம் அலைந்து வாங்கிய அந்தத் திறப்பில், எட்டாவது மாதம் ஒரு தண்ணீர் லாரி நடுகல் ஒன்றை உடைத்துவிட்டது. அடுத்த நாளே ஆட்டோக்கள் அந்த வழியாகத் திரும்ப ஆரம்பித்தன. கல்லை மாற்ற வேண்டியது யார் என்று எந்தத் தாளிலும் இல்லை, நாங்கள் கேட்டிருக்கவும் இல்லை. கடைசியில் டீக்கடைக்காரர்தான் ஒரு பழைய அம்மிக்கல்லைப் புரட்டி அங்கே வைத்தார். அடுத்த மனுவில் எத்தனை நாளுக்குள், எந்தப் பிரிவு, எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து மாற்றும் என்று கேட்டு எழுதி வாங்கினோம். அந்த வரி உங்கள் முதல் மனுவிலேயே இருக்கட்டும்.