கண்வலிக்கிழங்கு நஞ்சு: வாந்தி நின்ற பிறகு நடக்கும் தவறுகள்

எங்கள் வார்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். கண்வலிக்கிழங்கு சாப்பிட்ட நோயாளி ஒருவர் வந்து சேர்ந்தால், நாங்கள் அந்த வயதில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். சலைன் ஏற்றுவது, நாடித்துடிப்பு பார்ப்பது போன்றவற்றை யாரும் மறப்பதில்லை, அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நன்றாகப் படித்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கம் இதைப் பயிரிடும் குடும்பங்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் இது. இதிலுள்ள முக்கிய நஞ்சு கோல்சிசின். கௌட் என்ற மூட்டுவாத வலிக்கு மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கும் அதே பொருள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள அளவு வித்தியாசம் இதில் மிகக் குறைவு.

கிழங்கில் மட்டும்தான் நஞ்சு என்று நினைப்பது

செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மருந்துக்காக ஏற்றுமதி ஆவது விதைதான். அதனால் அறுவடை முடிந்த வீடுகளில் விதை மூட்டை இருக்கும். "கிழங்கு சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள்.

வேகவைத்தால் போய்விடும் என்பது

போகாது.

பெயரை வைத்து முடிவு செய்வது

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, காந்தள், கார்த்திகைப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. பதற்றத்தில் வரும் உறவினர்கள் "ஏதோ கிழங்கு" என்று மட்டும் சொல்வார்கள். நடவுக்காக வைத்திருந்த கிழங்கு வள்ளிக்கிழங்கோடு கலந்து சமையலுக்குப் போயிருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வருபவரைப் பார்த்ததும் பயிற்சி மருத்துவர் "ஃபுட் பாய்சன்" என்று எழுதுவார். அந்த ஒரு சொல் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் வேறு எதையும் யோசிக்க மாட்டார். மீதமுள்ள கிழங்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். விரல் பருமனில், இரண்டாகக் கிளைத்துக் கவட்டை மாதிரி இருந்தால் சந்தேகம் வந்தே ஆக வேண்டும்.

வாந்தி நின்றதும் வீட்டுக்கு அனுப்புவது

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். இன்றைக்கும் கேட்டால் எரிச்சல் வருகிற ஒரு வாக்கியம் உண்டு: "சார், வாந்தி நின்னுடுச்சு, பி.பி. நல்லா இருக்கு, டிஸ்சார்ஜ் போட்டுடலாமா?"

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விவசாயி எங்களிடம் வந்தார். ஏற்கெனவே ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்து, சலைன் ஏற்றி, இரண்டாம் நாள் கஞ்சி குடித்து, நடந்தே வீட்டுக்குப் போனவர். "வயிறு சரியாகிவிட்டது, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்காம் நாள் இரவு எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், ஈறில் ரத்தக் கசிவு. கால்களைத் தூக்க முடியவில்லை. வெள்ளை அணுக்கள் ஆயிரத்துக்குக் கீழே இருந்தன. எல்லாம் செய்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. முதல் இரண்டு நாள் அவருக்குக் கிடைத்த சிகிச்சையில் பெரிய குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அவர் மருத்துவமனையில் இல்லை, அதுதான் குறை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு வராது. நம் செல்லுக்குள் ட்யூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழாய்களாக நிற்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பவை இந்த நுண்குழாய்கள்தான். கோல்சிசின் ட்யூபுலினோடு ஒட்டிக்கொண்டு, அது குழாயாகச் சேர விடாமல் தடுக்கிறது. பிரியத் தொடங்கிய செல் பாதியிலேயே நின்று செத்துப்போகிறது.

அப்படியானால் எந்த உறுப்பு முதலில் அடிவாங்கும்? எங்கே செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றனவோ அங்கே. குடலின் உள்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிறது. அதனால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகப் பேதி எல்லாம் வந்துவிடுகின்றன. இது முதல் கட்டம். ஏறக்குறைய முதல் 24 மணி நேரம். உடம்பிலிருந்து தண்ணீர் போவதால்தான் இந்தக் கட்டத்தில் ஆபத்து. சலைன் கொடுத்தால் ஆள் தெளிந்துவிடுகிறார்.

அந்தத் தெளிவை நம்பக் கூடாது. ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையும் அதே நேரத்தில்தான் அடிவாங்கியிருக்கிறது, ஆனால் அது வெளியே தெரிய நாளாகும். கடையில் சரக்கு இருக்கிறது, ஆலை மூடிவிட்டது என்றால் முதல் நாள் வாடிக்கையாளருக்குத் தெரியாது அல்லவா? ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. தட்டணுக்கள் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். புதிய உற்பத்தி நின்றதும் முதலில் வெள்ளை அணு சரியும், அப்புறம் தட்டணு. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்குள் எண்ணிக்கை தரை தட்டும். சாதாரணக் கிருமியே அப்போது ரத்தத்தில் பரவிவிடும்.

அதோடு முடிவதில்லை. நுண்குழாய்கள் செல் பிரிவதற்கு மட்டுமல்ல, செல்லுக்குள் பொருட்களைக் கொண்டு செல்லவும் தேவை. அதனால் பிரியாத செல்களும் தப்புவதில்லை. தசை சிதைகிறது. நரம்பு பாதித்து, பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகி, பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சாய்வதும் உண்டு. சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகப் போவது இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையிலான இந்த இரண்டாம் கட்டத்தில்தான். மரணங்களில் பெரும்பாலானவை இங்கே நடக்கின்றன, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது அல்ல.

அதனால் என் வார்டில் ஒரு விதி. அறிகுறி வந்த நோயாளி குறைந்தது ஒரு வாரம் கண் முன்னால் இருக்க வேண்டும். முதல் நாட்களில் இதயத்துக்கு மானிட்டர். தினமும் இருமுறை ரத்த அணு எண்ணிக்கை, அதோடு கிரியேட்டினின், பொட்டாசியம், கால்சியம், சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தம் உறையும் நேரம். "கையைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க, ஒரே மூச்சில் எண்ணுங்க" என்று ஒவ்வொரு ரவுண்டிலும் பார்க்க வேண்டும். உறவினர்கள் கிளம்பத் துடிப்பார்கள். களையெடுக்க ஆள் இல்லை, மாட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அப்போது "டாக்டர் சொன்னா கேளுங்க" என்று அதட்டாதீர்கள். மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதை, இப்போது எழுதியது போல, உட்கார்ந்து விளக்குங்கள். காரணம் தெரிந்த குடும்பம், சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை அணு கூடியிருப்பதைப் பார்த்து ஏமாறுவது

முதல் நாள் ரிப்போர்ட்டில் வெள்ளை அணு இயல்பைவிடக் கூடியிருக்கும். "இன்ஃபெக்‌ஷன்தான் சார்" என்று ஒருவர் சொல்வார், "மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது" என்று இன்னொருவர் நிம்மதி அடைவார். இரண்டுமே தவறு. இந்த ஏற்றம் நஞ்சின் முதல் கட்டத்தின் அடையாளம். இதற்குப் பிறகு வருவது சரிவு. ஒரே ஒரு எண்ணைப் பார்க்காமல், நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்று தாளில் கோடு போட்டுப் பாருங்கள். பிழைப்பவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு எண்ணிக்கை மறுபடி விர்ரென்று ஏறும். அப்போதும் பயந்து மருந்தை மாற்ற வேண்டாம், மஜ்ஜை மீண்டுவிட்டது என்று அர்த்தம்.

டயாலிசிஸ் நஞ்சை வெளியே எடுக்கும் என்று காத்திருப்பது

எடுக்காது. கோல்சிசின் ரத்தத்தில் நிற்பதில்லை, திசுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிறுநீரகம் செயலிழந்தால் அதற்காக டயாலிசிஸ் தேவைப்படலாம், அது வேறு விஷயம். நஞ்சு பித்தநீர் வழியாக மறுபடி குடலுக்கு வருவதால், மருத்துவமனையில் தரும் செயலூட்டிய கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில்தான் பலன் இருக்கிறது. அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

மாற்று மருந்து தேடி ஊர் ஊராக அனுப்புவது

1995இல் பிரான்சில் ஒரு பெண்ணுக்கு கோல்சிசினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொடுத்துக் காப்பாற்றியதாக மருத்துவ இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் கேட்பார். அது கடைக்கு வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அதுவும் முதல் நாளே. நான்காம் நாள் ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு அர்த்தமில்லை.

கிளாரித்ரோமைசின் எழுதுவது

தொற்றுக்குக் கொடுக்கும் இந்த ஆன்டிபயாடிக்கை எழுதாதீர்கள். கோல்சிசின் உடம்பைவிட்டுப் போகும் வழியை அது அடைக்கிறது.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைப்பது

புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். 108ஐக் கூப்பிடுங்கள். "ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் உட்காராதீர்கள். அறிகுறி தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைப்பது

தெரியாமல் சாப்பிட்டவர்கள் மட்டும் வருவதில்லை. மனம் உடைந்து சாப்பிட்டவர்களும் வருகிறார்கள். குடும்பம் பயந்துபோய் "ஹோட்டல்ல சாப்பிட்டான்" என்று சொல்லும்போது எங்களுக்கு முதல் நாள் வீணாகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். பயிற்சி மருத்துவர்களுக்கும் ஒன்று: அவரைத் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், மனநல மருத்துவர் பார்க்காமல் அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு பேச ஆள் வேண்டுமென்றால் 104 (சுகாதார உதவி எண்), 14416 (டெலி மனஸ் மனநல உதவி எண்) ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள்.

முடி கொட்டும் என்பதைச் சொல்லாமல் அனுப்புவது

பிழைத்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். முடிவேரும் வேகமாகப் பிரியும் செல்தானே. முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நோய் திரும்பிவிட்டது என்று பயந்து, கண்ட மருந்தையும் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மருந்துகள், இன்னும் முழுதாகத் தேறாத கல்லீரலுக்கு ஆகாது. சில மாதங்களில் முடி திரும்ப வளர்ந்துவிடும். அதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வர வேண்டிய தேதியையும் எழுதிக்கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.